கரண்ட் குழாயில் மாயாமாளவகௌளை

சிங்கப்பூரின் பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் நிமிர்ந்து பார்த்தால் கூரையை ஒட்டி வெள்ளையாக ஒரு பிளாஸ்டிக் (பிவிசி) குழாய் ஓடும். விளக்குக்கும் மின்விசிறிக்கும் போகிற வயர் அதற்குள் இருக்கும். வெளிவிட்டம் 20 மில்லிமீட்டர். அக்கம்பக்கத்து ஹார்ட்வேர் கடைகளில் சுலபமாகக் கிடைக்கிறது, விலையும் பெரிதாக ஒன்றுமில்லை. புல்லாங்குழல் செய்ய நான் எடுத்துக்கொண்டது இந்தக் குழாயைத்தான். வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்தபோது உள்விட்டம் 16.5 மி.மீ. இருந்தது.

மூங்கிலை ஏன் எடுக்கவில்லை என்று எல்லோரும் கேட்டார்கள். புல்லாங்குழலுக்கு ஆகிற மூங்கில், கணுவுக்குக் கணு நீளமாகவும் சுவர் மெல்லியதாகவும் இருக்க வேண்டும். இங்கே ஜன்னலுக்கு வெளியே துணி காயப்போடுகிற மூங்கில் கழி கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறதே என்று ஆசை வரும். ஆனால் அதன் சுவர் தடிமன், கணுக்களும் நெருக்கம். இன்னொன்று, நல்ல மூங்கிலே கிடைத்தாலும் இந்த ஊரில் அதன் பாடு கஷ்டம்தான். வெளியே ஈரம் சொட்டும் காற்று, உள்ளே ஏர்கான். இரண்டுக்கும் நடுவே மாறி மாறி நனைந்து காய்ந்து ஒருநாள் நீளவாக்கில் கீறல் விட்டுவிடும். பிளாஸ்டிக்குக்கு அந்தக் கவலை கிடையாது.

பிளாஸ்டிக்கில் நாதம் வருமா என்பது அடுத்த கேள்வி. ஜான் கோல்ட்மன் என்ற அமெரிக்க இயற்பியலாளர் 1971-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. உள் அளவுகள் ஒன்றாக இருக்கும்படி வெள்ளி, தாமிரம், மரம் மூன்றிலும் குழல் செய்து வாசிக்கவைத்தார். திரைக்குப் பின்னால் கேட்டவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை, எதைக் கையில் பிடித்திருக்கிறோம் என்று தெரியாமல் வாசித்தவர்களுக்கும் தெரியவில்லை. குழலில் அதிர்வது உள்ளே இருக்கிற காற்று. சுவரின் வேலை, ஓட்டை இல்லாமல் வழவழப்பாக நிற்பது. நாதத்தைத் தீர்மானிப்பது வாய்த்துளையின் விளிம்பும் உள்ளளவும் என்றால், கரண்ட் குழாய்க்கு என்ன குறை?

எந்த மாதிரிக் குழல் என்பதை முதலிலேயே முடிவு செய்துவிட்டேன். கர்நாடக இசைக் குழலில் எட்டு விரல்துளை. மேல் இரண்டை மூடினால் சட்ஜம். அது பெரியவர்கள் சமாச்சாரம். என் மகள் வாய்ப்பாட்டு வகுப்பில் சரளி வரிசையில் இருக்கிறாள். புரந்தரதாசர் காலத்திலிருந்து வருவதாகச் சொல்லப்படும் அந்த முதல் பாடங்கள் எல்லாமே மாயாமாளவகௌளை ராகத்தில்தான். அப்படியானால் அந்த ராகத்தையே குழாயில் துளைத்துவிட்டால் என்ன? ஆறு துளை. எல்லாவற்றையும் மூடினால் ஸ. கீழிருந்து ஒவ்வொன்றாகத் திறந்தால் ரி, க, ம, ப, த, நி. மறுபடி எல்லாவற்றையும் மூடிக் கொஞ்சம் அழுத்தி ஊதினால் மேல் ஸ. இப்படி ஒரு குழலைக் கடையில் கேட்டால் ஒருமாதிரி பார்ப்பார்கள். வீட்டில் செய்வதில் இருக்கிற சுகமே, யாரும் செய்து விற்காததைச் செய்துகொள்ளலாம் என்பதுதான்.

அவள் பாடும் ஆதார சுருதி ஐந்து கட்டை, மேற்கத்திய முறையில் ஜி. குழலில் அதற்கு ஒரு ஸ்தாயி மேலே வைத்தேன், 392 ஹெர்ட்ஸ்.

இனி கணக்கு. இரண்டு பக்கமும் திறந்த குழாயில் ஓர் அலையின் பாதி அடங்கும். காற்றில் ஒலியின் வேகம் 30 டிகிரி வெப்பத்தில் நொடிக்கு ஏறக்குறைய 349 மீட்டர். அதை 392-ஆல் வகுத்துப் பாதியாக்கினால் 445 மி.மீ. இது ஸவுக்கான நீளம். மற்ற சுரங்களுக்குச் சுருதிப் பின்னங்களை (ஸவைப் போல எத்தனை மடங்கு அதிர்வெண் என்பதை) கவிழ்த்துப் போட்டால் போதும். சுத்த ரிஷபம் 16/15 என்றால் நீளம் 15/16 பங்கு. அந்தர காந்தாரம் 4/5, சுத்த மத்யமம் 3/4, பஞ்சமம் 2/3, சுத்த தைவதம் 5/8, காகலி நிஷாதம் 8/15. மில்லிமீட்டரில் 417, 356, 334, 297, 278, 237.

இவையெல்லாம் காற்றுக்குத் தெரிகிற நீளங்கள். டேப் வைத்து அளக்கிற நீளம் வேறு. குழாயின் திறந்த முனைக்கு வெளியேயும் காற்று கொஞ்ச தூரம் சேர்ந்து ஆடுகிறது. வாய்த்துளை சின்னதாகவும் உதட்டால் பாதி மூடியும் இருப்பதால் அந்தப் பக்கம் இன்னும் அதிகமாகக் கணக்கில் சேர்கிறது. என் குழாயில் இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 4 செ.மீ. வந்தது. ஆகவே வாய்த்துளையின் நடுவிலிருந்து கீழ்முனை வரை 420 விட்டு வெட்டி, ஊதிப் பார்த்துக்கொண்டே குறைத்தேன். வெட்டிய குழாயை ஒட்டவைக்க முடியாது, எப்போதும் நீளமாகவே தொடங்க வேண்டும்.

வாய்த்துளைதான் இந்த வேலையின் உயிர். இந்தக் குழாயின் சுவர் 2 மி.மீ. கூட இல்லை. அதில் நேராகத் துளை போட்டு ஊதினால் காற்றுச் சத்தமும் கீச்சும்தான் அதிகம். மேற்கத்திய வெள்ளிக் குழலில் உதடு வைக்கிற இடத்தில் மட்டும் சுமார் 5 மி.மீ. உயரத்துக்குச் சுவர் எழுப்பியிருப்பார்கள். அந்த உயரத்துக்கு என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது ஹார்ட்வேர் கடை அங்கிள் மேசை மேல் கிடந்த சாக்கெட்டைக் காட்டினார். இரண்டு குழாய்களை இணைக்கிற அதே சாக்கெட். 20 மி.மீ. குழாயின் மேல் கச்சிதமாக உட்காரும். உள்ளே நடுவில் இருக்கும் வரம்பை மட்டும் அரத்தால் தேய்த்து எடுத்துவிட்டால் குழாயில் எங்கே வேண்டுமானாலும் நகர்த்தலாம். பிவிசி பசை தடவி ஒட்டினேன். இரண்டு சுவரும் சேர்ந்து 4 மி.மீ. நெருங்கியது. உதடு வைக்கவும் மேடாக ஓர் இடம் கிடைத்தது.

பசையின் நெடி கடுமை. ஜன்னலைத் திறந்துவைத்து ஒட்ட வேண்டும்; வாசனை முழுக்கப் போகும்வரை வாய் வைக்கக் கூடாது. நான் இரண்டு நாள் விட்டு, பாத்திரம் கழுவும் சோப்பு போட்டுக் கழுவிய பிறகே ஊதினேன். இன்னொரு முக்கியமான விஷயம்: மூங்கிலில் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் துளை சுடுவார்கள். அதைப் பார்த்துவிட்டு யாரும் பிவிசியில் செய்துவிடாதீர்கள். பிவிசி கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு வரும், மூச்சுக்குழாயை அரிக்கும். நாலு சுவருக்குள் அந்த விளையாட்டே வேண்டாம்.

துளையைக் கைத்துரப்பணத்தில் 4 மி.மீ. அலகு போட்டுத் தொடங்கி, மீதியை உருண்டை அரத்தால் பெரிதாக்கினேன். பெரிய அலகை நேரடியாக வைத்தால் மெல்லிய பிளாஸ்டிக்கைக் கவ்வி இழுத்துப் பிளந்துவிடும். மாஸ்கிங் டேப் ஒட்டி அதன் மேல் துளைத்தால் அலகு வழுக்காது. குறுக்கே 11, நெடுக்கே 9 மி.மீ. வருகிற மாதிரி ஒரு நீள்வட்டம். உதட்டுக்கு எதிர்ப்பக்கத்து விளிம்பு கூராக இருக்க வேண்டும். ஊதும் காற்று அந்த விளிம்பில் மோதி உள்ளும் வெளியுமாக மாறி மாறிப் பாய்வதுதான் ஒலியைத் தொடங்கிவைக்கிறது. ஓரத்தில் பிசிர் இருந்தால் அது நடக்காது. வழுக்கட்டும் என்று உப்புத்தாளால் அந்த விளிம்பை உருட்டிவிடவும் கூடாது.

துளைகள் ஒரே வரிசையில் வர நூல் பிடிக்கத் தேவையில்லை. குழாயின் மேல் கம்பெனிக்காரர் அச்சடித்த எழுத்து வரிசை நேராக ஓடுகிறது, அதையே கோடாக வைத்துக்கொண்டேன். வேலை முடிந்ததும் சோப்பு நீரில் நனைத்த உப்புத்தாளில் தேய்த்தால் எழுத்து போய்விடும்.

மேல்முனையை அடைக்கத் தக்கை வேண்டும். எங்கள் புளோக்கில் பூப்பந்து ஆடாத வீடு குறைவு. இறகு உதிர்ந்த பந்து ஒன்றின் தலைக் கார்க்கை எடுத்து, உப்புத்தாளில் தேய்த்துச் சிறுத்து, குழாய் வேலைக்காரர்கள் சுற்றும் வெள்ளை டேப்பை இரண்டு சுற்று சுற்றி உள்ளே தள்ளினேன். எவ்வளவு உள்ளே என்பதுதான் விஷயம். ஜெர்மானியக் குழல் தயாரிப்பாளர் தியோபால்ட் பேம் 1847-இல் அமைத்த குழலில், கிட்டத்தட்ட இன்றைய வெள்ளிக் குழல் அதுதான், வாய்த்துளையின் நடுவிலிருந்து தக்கை 17 மி.மீ. தள்ளி இருக்கும். அதன் உள்விட்டம் 19. என் குழாய் இன்னும் ஒல்லி என்பதால் 16-இல் தொடங்கினேன். தக்கைக்கும் துளைக்கும் நடுவே இடம் அதிகமானால் மேல் ஸ்தாயி சுருதி இறங்கும். தக்கையை உள்ளே தள்ளினால் ஏறும். ஒரே சீரான உள்விட்டமுள்ள குழாயில் மேல் ஸ எப்படியும் கொஞ்சம் இறங்கித்தான் நிற்கப் பார்க்கும். பேம் தன் குழலின் தலைப்பகுதியைக் கூம்பாகக் குறுக்கியது இந்தக் குறையைச் சரிக்கட்டத்தான். நமக்குக் கூம்பு செய்ய வழியில்லை. தக்கையை 14 வரை தள்ளியதில் பெருமளவு சரியானது, மீதியை உதடு பார்த்துக்கொண்டது.

அப்புறம் விரல்துளைகள். இங்கேதான் ராகம் தன் வேலையைக் காட்டியது. சாதாரணக் குழலில் அடுத்தடுத்த துளைகளின் இடைவெளி ஓரளவு சமமாக இருக்கும். மாயாமாளவகௌளையில் ஸ-ரி ஒட்டி உட்காரும், ரி-க தாண்டிக் குதிக்கும். மேலே பாருங்கள்: 417-க்கும் 356-க்கும் நடுவே 61 மி.மீ. என் விரலே திணறும், ஒன்பது வயதுக் குழந்தைக்கு எட்டவே எட்டாது. பவுக்கும் தவுக்கும் நடுவே 19 மி.மீ. தான், அங்கே விரலோடு விரல் இடிக்கும்.

இதற்கு வழி துளையின் அளவில் இருக்கிறது. துளை சின்னதாக இருந்தால் காற்று அங்கேயே முழுசாக வெளியேறாது, குழாய் இன்னும் கொஞ்சம் நீளமாக இருப்பது போல ஒலிக்கும், சுருதி இறங்கும். அந்த இறக்கத்தைச் சமன்செய்யத் துளையை வாய்ப்பக்கம் நகர்த்த வேண்டும். பெரிய துளைக்கு இது தலைகீழ். ஆக, ரி துளையை 5 மி.மீ. அளவில் சின்னதாக்கி மேலே ஏற்றினேன். க துளையை 10 மி.மீ. வரை பெரிதாக்கிக் கீழே இறக்கினேன். இடைவெளி 45-க்கும் கீழே வந்தது. போதாததற்கு ரி துளையை வரிசையிலிருந்து விலக்கி, மோதிர விரல் இயல்பாக விழுகிற பக்கமாகச் சாய்த்தேன். துளை பக்கவாட்டில் எங்கே இருக்கிறது என்பது காற்றுக்கு ஒரு பொருட்டே இல்லை.

துளைக்கும் வரிசை கீழிருந்து மேலே. ஒரு சுரத்தைச் சரிபார்க்கும்போது அதற்குக் கீழே உள்ள எல்லாத் துளைகளும் திறந்திருக்கும், அவையும் சுருதியைத் தொடும். ஒவ்வொரு துளையையும் கணக்கு சொன்ன இடத்திலிருந்து சில மி.மீ. வாய்ப்பக்கமாகத் தள்ளி 4 மி.மீ. அளவில் திறப்பேன். ஊதினால் சுருதி கீழே நிற்கும். அரத்தை இரண்டு தடவை இழுத்து மறுபடி ஊதிப் பார்ப்பேன். இன்னும் ஏற வேண்டுமானால் வாய்ப்பக்கத்து ஓரத்தை மட்டும் தேய்ப்பேன். பிவிசித் தூள் மின்னேற்றம் பிடித்து கை, சட்டை, போன் எல்லாவற்றிலும் ஒட்டிக்கொள்ளும். அதனால் ஈரத்துணியை விரித்து அதன் மேல் வேலை செய்வது நல்லது. குழாய்க்குள் தூள் இருந்தாலும் சுருதி பொய் சொல்லும், அவ்வப்போது துணியை உள்ளே விட்டு இழுக்க வேண்டும்.

மூடிய துளையும் சும்மா இருப்பதில்லை. விரலுக்கும் உள்சுவருக்கும் நடுவே இருக்கிற அந்தக் குட்டிக் குழி கொஞ்சம் காற்றைப் பிடித்துவைத்து ஸவை இறக்கும். அதனால்தான் கீழ்முனையைக் கடைசி வரை சற்று நீளமாகவே விட்டுவைத்து, ஆறு துளையும் முடிந்த பிறகு ஸவைச் சரிசெய்தேன். முடிவில் நின்றது 402 மி.மீ.

போனில் சுருதி காட்டும் டியூனர் ஆப் வைத்துக்கொண்டு துளைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த முள் பியானோவுக்குப் பிறந்தது. முள்ளை நடுவில் நிறுத்தினால் காந்தாரம் கூடிப்போய்விடும். நம் அந்தர காந்தாரம் 5/4, அது முள் காட்டும் இடத்துக்கு 14 சென்ட் கீழே. தைவதம் 8/5, அது 14 சென்ட் மேலே. ரி 12 மேலே, நி 12 கீழே. ம, ப இரண்டும் 2 சென்ட்தான், விட்டுவிடலாம். ஒரு அரைச்சுரத்துக்கு நூறு சென்ட் என்று வைத்துக்கொண்டால் 14 என்பது காதுக்குத் தெரிகிற அளவு. முள்ளை வைத்துப் பக்கத்தில் வந்த பிறகு ஆப்பை மூடிவிட்டுத் தம்பூரா ஆப்பைத் திறந்தேன். ஐந்து கட்டையில் ஓடவிட்டுக் காந்தாரத்தை ஊதினால், அது சேருகிற இடத்தில் இரண்டு ஒலிக்கும் நடுவே இருந்த அலை அடங்கிவிடும். அந்த இடத்தில் அரத்தைக் கீழே வைத்துவிட வேண்டும். எதிர்வீட்டு மக்சிக் (மலாய் அம்மா) ஒருநாள் கதவைத் திறந்து, "எப்பப் பார்த்தாலும் ஒரே ஒரு சத்தம்தானா வரும் இதுல?" என்று மலாயில் கேட்டார். க-வுக்கு அன்றைக்கு அவ்வளவு நேரம் ஆகியிருந்தது.

இனி சிங்கப்பூர்க் கதை. குழலைச் சுருதி சேர்த்தது வெளித் தாழ்வாரத்தில், வெயில் சாயும் நேரம், 31 டிகிரி. வகுப்பு நடப்பது ஏர்கான் அறையில், 24 டிகிரி. அங்கே டீச்சரின் சுருதிப்பெட்டியோடு ஊதினால் ஸவே கீழே நின்றது. குளிர்ந்த காற்றில் ஒலி மெதுவாக ஓடும். ஒரு டிகிரி குறைந்தால் குழலின் சுருதி ஏறக்குறைய 3 சென்ட் இறங்கும். ஏழு டிகிரிக்கு 21. ஊதும் மூச்சே உள்ளே வெதுவெதுப்பு தருவதால் முழுசாக அவ்வளவு தெரியவில்லை. கொஞ்ச நேரம் ஊதிய பிறகு 15 சென்ட் போல நின்றது. குழாய் சுருங்கியதால் இது வரவில்லை. பிவிசி ஏழு டிகிரிக்கு, இந்த நீளத்துக்கு, 0.2 மி.மீ. தான் மாறும், அதுவும் குளிரில் சுருங்கினால் சுருதி ஏறத்தானே வேண்டும்? வேடிக்கை என்னவென்றால் இரும்புத் தந்தி குளிரில் இறுகிச் சுருதி ஏறும், குழல் இறங்கும். வீணையும் குழலும் ஒரே அறைக்குள் வந்தால் எதிரெதிர்ப் பக்கம் ஓடும். தந்திக்கு முறுக்காணி இருக்கிறது, குழலுக்கு என்ன இருக்கிறது?

இன்னொரு சாக்கெட் மீதம் இருந்தது. வாய்த்துளைக்கும் முதல் விரல்துளைக்கும் நடுவே குழாயை அறுத்து, சாக்கெட்டால் இணைத்தேன், பசை இல்லாமல். முழுக்க உள்ளே தள்ளினால் ஏர்கான் அறைக்குச் சரியாக இருக்கும்படி தலைத்துண்டின் நீளத்தில் 5 மி.மீ. எடுத்துவிட்டேன். வெளியே வாசிக்கும்போது 5 மி.மீ. இழுத்துக்கொண்டால் தாழ்வாரச் சுருதி. இது முழுத் தீர்வு ஆகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 445-இல் 5 மி.மீ. என்பது 19 சென்ட். 237-இல் அதே 5 மி.மீ. 36 சென்ட். உள்ளே தள்ளும்போது நிஷாதம் ஸவை விட அதிகமாக ஏறிவிடும். குழலை உதட்டில் கொஞ்சம் உட்பக்கம் உருட்டினால் அதை இறக்கிவிடலாம். மகள் அதைச் சொல்லிக்கொடுக்காமலே செய்கிறாள். சின்ன வயதுக் காது.

டீச்சர் வாங்கி ஊதிப் பார்த்தார். வாய்ப்பாட்டுக்காரர் என்றாலும் வீட்டில் குழல் கேட்டு வளர்ந்தவர். "காந்தாரம் நல்லா சேர்ந்திருக்கு தம்பி" என்றார். உடனே அடுத்ததும் வந்தது: "ஆனா எல்லாச் சுரத்தையும் நீங்களே துளைச்சு வெச்சுட்டா விரல் எதைக் கத்துக்கும்?" அவர் சொல்வது அரைத்துளை. கர்நாடகக் குழலில் பாதி மூடிய துளையிலிருந்தும் விரலைச் சறுக்குவதிலிருந்தும்தான் கமகம், அதாவது சுரத்தின் அசைவும் நெளிவும், பிறக்கிறது. மாலி என்கிற டி.ஆர். மகாலிங்கம் (1926–1986) குழலைப் பாடவைத்தார் என்று சொல்வதெல்லாம் அந்த விரல்களைத்தான். என் 5 மி.மீ. ரி துளையில் விரலைச் சறுக்க இடமே இல்லை. திறந்தால் ரி, மூடினால் ஸ. மேல் ஸ்தாயியில் அந்த ரி இறங்கியும் மங்கியும் வருகிறது, சின்னத் துளைகளின் குணம் அது. குழல் கற்றுக்கொள்ள இது உதவாது என்று டீச்சர் சொன்னால் ஒப்புக்கொள்வேன். பாடுகிற குழந்தை தான் பாடிய வரிசையைத் தானே ஊதிப் பார்த்துச் சுரஸ்தானத்தைக் காதில் வாங்க உதவும் என்பது என் கட்சி. ரெக்கார்டர் என்கிற ஊதுகுழலில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் என்ன செய்கிறார்களோ அதே வேலை, நம் சுருதியில்.

இந்தக் குழலுக்கு ஆயுள் எவ்வளவு என்று பார்த்தால், சரளி, ஜண்டை, அலங்காரம் வரை தாராளமாக வரும். அதற்குப் பிறகு வருகிற முதல் கீதங்கள் மலஹரியில். அது மாயாமாளவகௌளையின் பிள்ளை, சுரமெல்லாம் இதிலேயே இருக்கிறது. மோகனம் வரும்போதுதான் ரி, த இரண்டும் மாறும். அதற்குத் தலையைத் தொட வேண்டியதில்லை. சாக்கெட்டைக் கழற்றிவிட்டு உடலை மட்டும் புதிதாகத் துளைத்து மாட்டினால் போதும். நாலே துளை: 8/9, 4/5, 2/3, 3/5. ரிக்கும் கவுக்கும் நடுவே கணக்குப்படியே 40 மி.மீ. தான் வருகிறது, துளையைச் சாய்க்க வேண்டிய வேலை கூட இருக்காது.